சென்னை – டொராண்டோ: எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் இருப்பது டொராண்டோவின் கிழக்குப் பக்கம், ஸ்கார்பரோவில். அம்மா கும்பகோணத்தில். அம்மாவை இங்கே அழைத்து வந்து திருப்பி அனுப்பிய அனுபவத்தில், தெரிந்தவர்கள் வீட்டுப் பெரியவர்களுக்கெல்லாம் டிக்கெட் பார்த்துக் கொடுக்கும் வேலை என் தலையில் விழுந்துவிட்டது. எல்லோரும் ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பி அலுத்துப்போய் இதை எழுதி வைக்கிறேன்.

சென்னையிலிருந்து டொராண்டோ எவ்வளவு தூரம்?

மீனம்பாக்கம் விமான நிலையத்திலிருந்து டொராண்டோ பியர்சன் விமான நிலையத்துக்குப் பூமியின் மேல்பரப்பை ஒட்டி அளந்தால் சுமார் 13,390 கிலோமீட்டர். மைலில் 8,320. விமானிகள் பயன்படுத்தும் கடல் மைலில் 7,230. டிக்கெட்டில் சென்னைக்கு எம்ஏஏ என்றும் டொராண்டோவுக்கு ஒய்ஒய்இசட் என்றும் போட்டிருப்பார்கள். முதலாவது மெட்ராஸ் என்ற பழைய பெயரின் மிச்சம்.

அப்படியானால் எத்தனை மணி நேரம்? இணையத்தில் 14 மணி 53 நிமிடம் என்று இருக்கிறதே?

அது வெறும் வகுத்தல் கணக்கு. பயணிகள் ஜெட் மேலே ஏறிய பிறகு மணிக்குச் சுமார் 900 கிலோமீட்டர் போகும். 13,390ஐ 900ஆல் வகுத்தால் 14.9 மணி. நிமிடம் வரை சொல்லும்போது ஏதோ துல்லியமாகத் தெரிந்து சொல்வது போல இருக்கும், அவ்வளவுதான். ஓடுபாதைக்கு ஊர்ந்து போகும் நேரம், மேலே ஏறி இறங்கும் நேரம், எதிர்க்காற்று எதுவும் அதில் கிடையாது. முக்கியமாக, இந்த இரண்டு ஊருக்கும் நேரடி விமானமே கிடையாது. அந்த 14.9 மணி நேரத்தில் இந்தப் பயணத்தைச் செய்து முடித்த பயணி ஒருவரும் இல்லை.

நடைமுறையில் ஓர் இடத்தில் மாறிப் போகும் நல்ல டிக்கெட் என்றால் 21 முதல் 26 மணி நேரம். அதில் வானத்தில் இருப்பது 18, 19 மணி நேரம். மலிவான டிக்கெட் என்றால் 30, 35 என்றுகூடப் போகும்.

வரைபடத்தில் மேற்கே இருக்கிற கனடாவுக்கு வடக்கே போவது ஏன்?

பள்ளிக்கூடச் சுவர் வரைபடம் பண்ணிய வேலை இது. உருண்டையைத் தட்டையாக விரித்ததில் துருவப் பக்கம் எல்லாம் இழுபட்டுப் பெரிதாகிவிட்டது. வீட்டில் குழந்தைகளின் உலக உருண்டை இருந்தால் ஒரு நூலை எடுத்துச் சென்னையில் ஒரு நுனியை விரலால் அழுத்திக்கொண்டு, மறு நுனியை டொராண்டோவில் வைத்து இறுக்கிப் பாருங்கள். நூல் அரபிக்கடல் பக்கமே போகாது. நேரே வடக்கே ஏறும்: ராஜஸ்தான், பாகிஸ்தான், தஜிகிஸ்தான், கசகஸ்தான், ரஷ்யாவின் யூரல் மலைப் பக்கம், வெண்கடல், ஆர்க்டிக் கடல், கிரீன்லாந்தின் பனிப்பாளம், அங்கிருந்து கனடாவுக்குள் சரிவு. உச்சியில் அது தொடுவது வட அட்சரேகை 73 பாகைக்கும் மேல். இதற்குப் பெருவட்டப் பாதை என்று பெயர்.

சென்னையின் தீர்க்கரேகை கிழக்கே 80, டொராண்டோவுடையது மேற்கே 80-ஐ ஒட்டி. இரண்டும் சேர்த்து 160 பாகை, கிட்டத்தட்ட உலகத்தின் அந்தப் பக்கம். அதனால்தான் மேற்கே போனாலும் தூரம், கிழக்கே போனாலும் தூரம், மேலே ஏறிப் போவது மட்டும் கிட்டம்.

அந்தக் குறுக்குப் பாதையிலேயே போக வேண்டியதுதானே?

வழியை மறித்து ஆள் நிற்கிறார்களே! 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியதும் ரஷ்யா தன் வான்வெளியை ஐரோப்பிய ஒன்றியம், பிரிட்டன், கனடா நிறுவனங்களின் விமானங்களுக்கு மூடியது. இந்திய விமானங்களுக்கு ரஷ்யா திறந்தே இருந்தது. ஆனால் 2025 ஏப்ரலில், பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகு, பாகிஸ்தான் இந்திய விமானங்களுக்குத் தன் வான்வெளியை மூடியது. ஆக, இந்திய விமானத்துக்குப் பாகிஸ்தான் அடைப்பு, கனடா விமானத்துக்கு ரஷ்யா அடைப்பு. நான் மேலே சொன்ன 13,390 கிலோமீட்டர் என்பது யாரும் பறக்காத ஒரு கோட்டின் நீளம்.

இது வெறும் பொது அறிவு இல்லை. பாகிஸ்தான் மூடியபோது டெல்லிக்கும் வட அமெரிக்காவுக்கும் நடுவே பறந்த இந்திய விமானங்கள் சில எரிபொருளுக்காக வியன்னாவிலும் கோபன்ஹேகனிலும் இறங்கிப் போக வேண்டியிருந்தது. இரண்டு மாதம் கழித்து, ஜூன் 23 அன்று, கத்தார் தன் வான்வெளியைச் சில மணி நேரம் மூடியபோது தோஹா வழியாகப் போனவர்கள் அங்கங்கே மாட்டிக்கொண்டார்கள். டிக்கெட் எடுக்கும் முன்னால் செய்தியையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்த ஊர் வழியாகப் போனால் தூரம் குறைவு?

இதில்தான் எல்லோரும் ஏமாறுவது. "டெல்லி எதுக்குப்பா, சுத்து வழி" என்று ஒரு மாமா என்னிடம் சண்டையே போட்டார். கணக்குப் பார்த்தால், சென்னை – டெல்லி சுமார் 1,760 கிலோமீட்டர், டெல்லி – டொராண்டோ 11,640. கூட்டினால் 13,400. நேர்கோட்டை விடக் கூடுதல் இருபது கிலோமீட்டர்கூட இல்லை! இறுக்கிப் பிடித்த நூல் டெல்லிக்குக் கொஞ்சம் மேற்கே போகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

மற்றவை, எல்லாம் பெருவட்டக் கணக்கில்:

லண்டன் வழி: 8,230 + 5,710, ஆக 13,940 கி.மீ.
ஃப்ராங்ஃபர்ட் வழி: 7,590 + 6,340, ஆக 13,930 கி.மீ.
துபாய் வழி: 2,930 + 11,080, ஆக 14,010 கி.மீ.
ஹாங்காங் வழி: 3,710 + 12,550, ஆக 16,260 கி.மீ.

பாருங்கள், லண்டனுக்கும் துபாய்க்கும் நடுவே 70 கிலோமீட்டர்தான் வித்தியாசம். விமானத்துக்கு அது ஐந்து நிமிஷம். ஆகவே வழியைத் தூரத்தை வைத்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். காத்திருப்பு நேரம், விலை, பெரியவர்களின் முழங்கால் இந்த மூன்றையும் வைத்துத் தேர்ந்தெடுங்கள்.

முழங்காலா?

ஆமாம். துபாய் வழி என்றால் முதல் பறப்பு நாலு மணி நேரம், இரண்டாவது சுமார் பதினாலு. அந்தப் பதினாலு மணி நேரம் ஒரே இருக்கையில். லண்டன் வழி என்றால் பத்தரை அல்லது பதினொன்று, பிறகு எட்டு. ஃப்ராங்ஃபர்ட்டும் ஏறக்குறைய அப்படித்தான். மொத்தம் ஒன்றாக இருந்தாலும் பாதியில் இறங்கிக் காலை நீட்டி நடக்கிற வாய்ப்பு அறுபது வயதுக்கு மேல் பெரிய விஷயம். என் அம்மா இரண்டு விதமாகவும் வந்து பார்த்துவிட்டு, "ரெண்டா ஒடிச்சுக் குடுத்தா தேவலை" என்று தீர்ப்பு சொல்லிவிட்டார். நான் மறுபேச்சு பேசவில்லை.

மறுபக்கம், சிறு குழந்தையோடு வருகிற அம்மாக்கள் சிலர் நீண்ட பறப்புதான் நல்லது என்கிறார்கள். குழந்தை ஒரு தடவை தூங்கினால் எழுப்ப வேண்டாமே என்று.

காலையில் கிளம்பி அதே நாள் மாலையில் போய்ச் சேர்ந்துவிடலாமாமே? அப்படியானால் பன்னிரண்டு மணி நேரம்தானே?

இல்லை. கடிகாரம் உங்களோடு பின்னால் நடக்கிறது. இந்தியாவுக்கும் டொராண்டோவுக்கும் கோடையில் ஒன்பதரை மணி நேர வித்தியாசம், குளிர்காலத்தில் பத்தரை. அங்கே மார்ச் இரண்டாவது ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி, நவம்பர் முதல் ஞாயிறு பழையபடி வைப்பார்கள். நம் ஊர் கடிகாரம் அசையாது.

ஒரு மாதிரி டிக்கெட்டைப் பிரித்துப் பார்ப்போம். ஜூலை மாதம், செவ்வாய்க்கிழமை.

சென்னையில் காலை 5.30க்குக் கிளம்புகிறது. 10 மணி 45 நிமிடம் பறந்தால் நம் கடிகாரத்தில் மாலை 4.15. லண்டன் கோடையில் நாலரை மணி நேரம் பின்னால், எனவே அங்கே காலை 11.45. மூன்றே கால் மணி நேரம் காத்திருந்து 3 மணி விமானம். 7 மணி 50 நிமிடம் பறந்து இறங்கும்போது லண்டனில் இரவு 10.50. டொராண்டோ லண்டனுக்கு ஐந்து மணி நேரம் பின்னால், எனவே அங்கே மாலை 5.50. இன்னும் செவ்வாய்க்கிழமையேதான், வெயில்கூடப் போகவில்லை. ஆனால் உங்கள் உடம்புக்கு அது புதன் விடியற்காலை 3.20. மொத்தம் 21 மணி 50 நிமிடம். அந்தச் செவ்வாய்க்கிழமை உங்களுக்கு மட்டும் 33 மணி 30 நிமிடம் நீளம்.

திரும்பும்போது இந்தக் கடனை வட்டியில்லாமல் வசூலித்துக்கொள்வார்கள். செவ்வாய் மாலை 6.30க்கு டொராண்டோவில் ஏறினால் சென்னையில் இறங்குவது வியாழன் விடிகாலை. புதன்கிழமை எங்கே போனது என்று தேட வேண்டாம்.

திரும்பி வரும்போது பறக்கும் நேரம் குறையுமா?

குறையும். உயரத்தில், ஒன்பது முதல் பன்னிரண்டு கிலோமீட்டரில், மேற்கிலிருந்து கிழக்காக ஓர் ஆற்றைப் போலக் காற்று ஓடுகிறது. ஜெட் ஓட்டம் என்பார்கள். சில நாட்களில் மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டும். குளிர்காலத்தில் இன்னும் வலுவாக இருக்கும். கிழக்கே வரும் விமானம் அதன் முதுகில் ஏறிக்கொள்கிறது. மேற்கே போகும் விமானம் அதைச் சுற்றிப் போகப் பார்க்கிறது. லண்டனிலிருந்து டொராண்டோ எட்டு மணி நேரம் என்றால் திரும்புகையில் ஏழு அல்லது அதற்கும் குறைவு. துபாய் வழியிலும் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் மிச்சம்.

பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுற்றுகிறதே, விமானம் மேற்கே போனால் ஊர் தானாகவே கிட்டே வர வேண்டாமா?

ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டது, ஆனால் பெரியவர்களும் தயங்கித் தயங்கிக் கேட்கிறார்கள். பூமி தனியாகச் சுற்றவில்லை, காற்றையும் கூட்டிக்கொண்டுதான் சுற்றுகிறது. விமானம் அந்தக் காற்றுக்குள் மிதக்கிறது. ஓடும் ரயிலுக்குள் ஒரு பந்தை மேலே போட்டால் கைக்கே திரும்பி வருகிறதல்லவா, அப்படி.

டிக்கெட்டில் 14ஆம் தேதி 01.55 என்று இருக்கிறது. எப்போது கிளம்ப வேண்டும்?

இந்தக் கேள்வியை யாராவது கேட்டால் எனக்கு மகிழ்ச்சி. கேட்காதவர்கள்தான் விமானத்தை விடுகிறார்கள். 14ஆம் தேதி 01.55 என்றால் 13ஆம் தேதி ராத்திரி. 13ஆம் தேதி இரவு பத்து, பத்தரைக்கே நீங்கள் விமான நிலையத்துக்குள் இருக்க வேண்டும். எங்கள் பெரியப்பா 14ஆம் தேதி இரவு சாப்பாட்டை முடித்து, வாசலில் கற்பூரம் ஏற்றி, எல்லோர் காலிலும் பேரப்பிள்ளைகள் விழுந்து எழுந்து, இரண்டு கார் நிறைய ஆட்களோடு விமான நிலையம் வந்து சேர்ந்தார். வாசலில் நின்ற காவலர் டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நேத்தே போயிடுச்சே சார்" என்றார். வெளிநாட்டு விமானங்களில் பல நள்ளிரவுக்கும் விடிகாலைக்கும் நடுவில்தான் கிளம்புகின்றன. காலண்டரில் முந்தைய தேதியில் வட்டம் போட்டு வையுங்கள்.

இன்னொன்று, அந்த நேரத்தில் மெட்ரோ ஓடாது. விமான நிலையத்துக்குள்ளேயே ஸ்டேஷன் இருக்கிறது என்று நம்பி நடுராத்திரி ஒரு மணிக்கு மூன்று பெட்டியோடு நிற்காதீர்கள்.

வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசலுக்கு எவ்வளவு நேரம்?

இதுதான் உண்மையான கேள்வி, ஆனால் இதை யாரும் தேடுவதில்லை. அம்மா போன தடவை வந்ததைச் சொல்கிறேன். திங்கள் மதியம் மூன்று மணிக்குக் கும்பகோணத்தில் கார் ஏறினார். நடுவில் ஒரு காபி, விக்கிரவாண்டிப் பக்கம் ஒரு நெரிசல், இரவு பத்துக்குப் பல்லாவரம் சித்தி வீடு. சாப்பிட்டார், படுத்தார், தூங்கவில்லை. ஒன்றரைக்கு விமான நிலையம். பிறகு மேலே நான் பிரித்துக் காட்டிய அதே லண்டன் வழி. பியர்சனில் இமிக்ரேஷன், லக்கேஜ் எல்லாம் முடிந்து வெளியே வரும்போது ஏழேகால். பியர்சன் டொராண்டோவுக்குள் இல்லை, மேற்கே மிசிசாகாவில். அங்கிருந்து ஸ்கார்பரோவுக்கு நகரத்தின் குறுக்கே 401 நெடுஞ்சாலை. மாலை நேரத்தில் அந்தச் சாலையைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தப் பக்கம் போதாது. வீட்டுக்குள் செருப்பைக் கழற்றும்போது எட்டரை.

மொத்தம் 39 மணி நேரம். அதில் பறந்தது பதினெட்டரை.

கொழும்பிலிருந்து?

கட்டுநாயக்கவிலிருந்து நேர்கோட்டில் சுமார் 14,000 கிலோமீட்டர், சென்னையைவிட அறுநூறு அதிகம். இலங்கைக்கும் இந்திய நேரமேதான் என்பதால் கடிகாரக் கணக்கு மாறாது. அங்கிருந்தும் ஓரிடத்தில் மாறித்தான் வர வேண்டும். இலங்கைத் தமிழர்கள் ஊரின் பெயரை ரொறன்ரோ என்று எழுதுவார்கள். தமிழில் தேடும்போது இரண்டு எழுத்துமுறையிலும் தேடிப் பாருங்கள், ஸ்கார்பரோ வாழ்க்கையைப் பற்றி அதிகம் எழுதி வைத்திருப்பவர்கள் அவர்கள்தான்.

மாறும் இடத்தில் எவ்வளவு நேரம் இருந்தால் நல்லது?

இரண்டரை முதல் நாலு மணி நேரம் என்பது என் கணக்கு. ஒன்றரை மணி நேரத்தில் மாறலாம் என்று நிறுவனம் விற்கும், இளைஞர்கள் ஓடிப் பிடித்தும் விடுவார்கள். ஆனால் டெர்மினல் மாற வேண்டும், மறுபடி பாதுகாப்புச் சோதனை, அங்கே கைப்பையில் வைத்த ஆவக்காய் ஊறுகாயைப் பிடுங்கிக்கொள்வார்கள், அதற்கு ஒரு விவாதம். ஊறுகாய் அவர்கள் கணக்கில் திரவம். பெரிய பெட்டியில் வையுங்கள்.

எல்லாப் பறப்பும் ஒரே டிக்கெட்டில் இருக்க வேண்டும் என்பதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். ஒரே டிக்கெட் என்றால் முதல் விமானம் தாமதமானால் அடுத்ததில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு. சென்னை – டெல்லி ஒன்று, டெல்லி – டொராண்டோ ஒன்று என்று நாலாயிரம் ரூபாய் மிச்சம் பிடிக்கத் தனித்தனியாக எடுத்தால், முதலாவது தாமதமானதும் இரண்டாவது டிக்கெட் வெறும் காகிதம். டெல்லியில் உள்நாட்டு விமானம் வேறு டெர்மினலில் இறங்கினால் பெட்டியை எடுத்துக்கொண்டு பஸ் பிடித்து வர வேண்டும்.

வழியில் இறங்கும் நாட்டுக்கு விசா வேண்டுமா?

பாஸ்போர்ட் எந்த நாடு, கையில் என்னென்ன விசா, எந்த விமான நிலையம் என்பதைப் பொறுத்தது. விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால் அந்த நாட்டு அரசாங்கத் தளத்தில் நீங்களே பாருங்கள், ஏஜென்ட் வாய்ச்சொல்லை நம்ப வேண்டாம். ஒன்று மட்டும் மாறாமல் இருக்கிறது: நியூயார்க், சிகாகோ என்று அமெரிக்கா வழியாகப் போனால், இரண்டு மணி நேரம் மாறுவதற்குக்கூட இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு அமெரிக்க விசா வேண்டும்.

சென்னையிலிருந்து நேரடி விமானம் எப்போதாவது வருமா?

தூரம் தடையில்லை. சிங்கப்பூர் – நியூயார்க் 15,300 கிலோமீட்டருக்கு மேல், பதினெட்டரை மணி நேரத்துக்கு மேல், 2018 முதல் நேரடியாகப் பறக்கிறது. பக்கத்தில் பெங்களூரிலிருந்தே சான்ஃபிரான்சிஸ்கோவுக்கு, சுமார் 14,000 கிலோமீட்டர், 2021 ஜனவரியில் ஏர் இந்தியா நேரடி விமானம் விட்டது. அந்தச் சேவையின் முதல் பறப்பை, சான்ஃபிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு, சோயா அகர்வால் தலைமையில் பெண் விமானிகளே ஓட்டி வந்தார்கள், வட துருவத்தின் வழியாக.

தடை வேறு. இவ்வளவு தூரத்துக்கான எரிபொருளைச் சுமக்கவே எரிபொருள் வேண்டும், விமானிகள் இரண்டு அணி வேண்டும், அதற்கு மேல், கூடுதல் விலை கொடுத்து வருகிற பயணிகள் தினமும் முன்வரிசை இருக்கைகளை நிரப்ப வேண்டும். கோடை விடுமுறையில் நாம் நிரப்புவோம். பிப்ரவரியில், மைனஸ் பதினைந்தில், யார் வருவார்கள்? வான்வெளிச் சிக்கல் வேறு. வளைகுடாவிலும் ஐரோப்பாவிலும் பல ஊர்ப் பயணிகளை ஒன்றாகச் சேர்த்து ஏற்றும் நிறுவனங்களோடு விலையில் மோத வேண்டும். எனக்கு நம்பிக்கை இல்லை.

வந்து சேர்ந்ததும் தூக்கம் எத்தனை நாளில் சரியாகும்?

ஒரு மணி நேர வித்தியாசத்துக்கு ஒரு நாள் என்பது பொதுவான கணக்கு, ஆக ஒரு வாரம், பத்து நாள். இந்தியாவுக்குத் திரும்பும்போது இன்னும் மோசம், கிழக்கே போவதுதான் உடம்புக்குக் கஷ்டம். முதல் நாள் இரவு எட்டரைக்கு முன்னால் படுக்க விடாதீர்கள், பகலில் வெளிச்சத்தில் நடக்கவிடுங்கள்.

சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள், குறிப்பாக இன்சுலின் போடுகிறவர்கள், ஒன்பதரை மணி நேரம் தள்ளிப்போகும் நாளில் எப்போது போடுவது என்று கிளம்பும் முன்பே மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மருந்து கைப்பையில் இருக்க வேண்டும், பெரிய பெட்டியில் அல்ல. வீல்சேர் வேண்டுமென்றால் டிக்கெட் எடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். நடக்க முடிகிறவர்களுக்கும் சொல்லலாம். ஆங்கிலம் தெரியாத பெரியவருக்கு வீல்சேர் தள்ளுகிறவர்தான் வழிகாட்டி. அம்மா முதலில் "எனக்கென்ன கால் இல்லையா" என்று கோபித்துக்கொண்டார். லண்டனில் அந்த நீளமான நடைபாதையைப் பார்த்ததும் ஒன்றும் சொல்லாமல் ஏறி உட்கார்ந்துவிட்டாராம்.